அடி அடைச்ச குழல்: இடியன் துவக்கும் பழைய ரைபிளும் வேலை செய்யிற விதம்

போன மாசம் கனடாவில இருக்கிற மச்சான் வாட்ஸ்அப்பில நாலு படம் அனுப்பினவன். நீட்டுக் குழல், குழலை மரத்தோட சேர்த்துப் பிடிக்கிற மூண்டு இரும்பு வளையம், வெடிக்க வைக்கிற பொறி இருக்கிற பூட்டுத் தகட்டில ஒரு கிரீடம், ‘டவர்’ எண்ட எழுத்து, 1861 எண்ட வருசம். ஏலத்தில எடுத்த, வெள்ளைக்காரப் படையின்ர பழைய என்பீல்ட் ரைபிளாம், துரு பிடிச்சுக் கிடக்கு, இதைத் திருத்தி ரேஞ்சில சுட ஏலுமோ, உனக்குத்தானே அம்மப்பாவின்ர இடியன் துவக்கோட பழக்கம் எண்டு கேட்டவன். அவன் சின்ன வயசிலயே வெளிநாடு போயிட்டான், நான் வன்னியில நெடுங்கேணிப் பக்கம் அம்மப்பாவோடயே வளர்ந்தனான். அவனுக்கு ரெண்டு இரவா வொய்ஸ் மெசேஜில சொன்னதைத்தான் இஞ்ச கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுறன், துவக்கைக் கையால தொட்டே பார்க்காத ஆக்களுக்கும் விளங்கோணும்.

முதல் ஒரு விசயத்தை வடிவா மனசில பதிச்சுக்கொள்ளுங்கோ. இந்த வகைத் துவக்கு எல்லாமே அடிப்பக்கம் அடைச்ச ஒரு குழல். வீட்டில மூங்கில் புட்டுக்குழல் இருந்தா எடுத்துப் பாருங்கோ. மாவையும் தேங்காய்ப்பூவையும் மேல்வாயால போடுறம், அவிஞ்சாப்பிறகு கீழ் ஓட்டையால தடியை விட்டுத் தள்ள முழுப் புட்டும் மேலால வருது. இப்ப அந்தக் கீழ் ஓட்டை இல்லை எண்டு நினையுங்கோ. போடுறதும் மேலாலதான், வெளிய வாறதும் மேலாலதான், முதல் போட்டது அடியில கிடக்கும், தடி விட்டுத் தள்ள வழியில்லை. அந்தத் தடியின்ர வேலையை நெருப்புத்தான் செய்யோணும். வெடிமருந்து போடுற ஒழுங்கு, குண்டின்ர அளவு, வாற பழுது, வாற ஆபத்து, கழுவுற முறை எல்லாம் இந்த ஒரு விசயத்திலயிருந்துதான் வருது.

எங்கட ஆக்கள் வைச்ச பேரும் அதிலயிருந்து வந்ததுதான். மேலால போட்டுக் கம்பியால இடிக்கிறதால இடியன். முதல் அளந்த மருந்து, அதுக்கு மேல தும்போ சீலைத்துண்டோ, அதுக்கு மேல ஈயக்குண்டு அல்லது சன்னம் எண்ட சின்னச் சின்ன ஈய உருண்டையள், சன்னம் எண்டா அது உருண்டு வராமல் இன்னொரு தும்பு. அம்மப்பா தேங்காய்த் தும்பைக் கையில உருட்டி உருட்டி ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கொண்டுவருவார், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு ஆறுதலா செய்வார். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. எனக்குப் பதின்மூண்டு வயசு இருக்கும், அவர் மருந்துக் கொம்பை வைச்சிட்டு மாட்டைப் பார்க்கப் போன இடைவெளியில, மருந்து போட்டாச்சு எண்டு நினைச்சு நான் தும்பையும் குண்டையும் இடிச்சு இறக்கிப்போட்டன். உள்ள மருந்து இல்லை. குண்டு அடியில போய் இறுகிட்டுது, தள்ளுறதுக்கு நெருப்பும் இல்லை, பின்னால ஓட்டையும் இல்லை. அம்மப்பா ஏசேல்லை. கம்பி நுனியில ஒரு புரி ஆணியைப் பூட்டி, அதை ஈயத்துக்குள்ள திருகி ஏத்தி, பின்னேரம் முழுக்க இருந்து இழுத்து எடுத்தவர். குண்டு வெளிய வந்தோடன ‘மோனை, வாயால போறதை எண்ணிக்கொண்டு போடோணும்’ எண்டார், அவ்வளவுதான்.

அடிக்கு நெருப்பு எப்பிடிப் போறது எண்டு கேப்பியள். குழலின்ர அடிப்பக்கம் ஒரு ஊசி ஓட்டை இருக்கும். ஆகப் பழைய துவக்கில அந்த ஓட்டைக்குப் பக்கத்தில ஒரு சின்னத் தட்டு, அதில கொஞ்ச மருந்து, எரியிற திரியைக் கொண்டுபோய் அதில வைக்கிறது. பேந்து வந்தது சக்கிமுக்கிக் கல். விசையை அமத்தினா முன்னால வந்து அடிக்கிற சுத்தியல் மாதிரிச் சாமானைக் குதிரை எண்டுறது, அதின்ர வாயில கல்லைக் கவ்வ வைச்சு, அது உருக்குத் தகட்டில உரசிப் பொறி பறக்கும், பொறி தட்டில விழும், தட்டு எரிஞ்சு ஓட்டையால உள்ள போகும். இதில ஒரு நேர இடைவெளி இருக்கு, தட்டில புகை வாறதைப் பார்த்தே பறவை பறந்துடும். ஸ்கொட்லாந்தில அலெக்சாண்டர் ஜோன் போர்சைத் எண்ட பாதிரியாருக்கு இதுதான் பெரிய கரைச்சல், அவர் வேட்டைக்காரன். தட்டினாலே வெடிக்கிற ரசாயனத்தை வைச்சுப் பத்த வைக்கிற முறையைக் கண்டுபிடிச்சு 1807ல காப்புரிமை எடுத்தார். அதிலயிருந்து வளர்ந்ததுதான் கேப். ஓட்டை இருக்கிற இடத்தில நிப்பிள் எண்ட, நடுவில துளை உள்ள ஒரு சின்ன முளை, அதுக்கு மேல செம்பில செய்த குட்டித் தொப்பி, குதிரை வந்து அதில அடிக்க நெருப்பு நேரா உள்ள பாயும். மழைக்கும் ஈரத்துக்கும் கல்லை விட இது எவ்வளவோ நம்பிக்கையானது. அம்மப்பாவின்ரயும் கேப் துவக்குத்தான், மச்சான்ர என்பீல்டும் அதுதான்.

இந்த மண்ணுக்கும் இந்தத் துவக்குகளுக்கும் பழைய தொடர்பு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரனிட்ட இருந்து பிடிச்சதும், அதே வருசம் ஒக்டோபர் 31ந் தேதி கற்சிலைமடுவில கப்டன் வொன் டிரிபேர்க்கிட்ட தோத்ததும் எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கே தெரியும். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் படையின்ர துவக்கு வழவழப்பான குழல், சக்கிமுக்கிக் கல்லு, குழல் வாய் முக்கால் அங்குலம். கண்டி ராச்சியத்துத் துவக்குகள் இன்னும் வடிவு, கனக்க துவக்குகளில பூட்டு இடப்பக்கம் இருக்கும், தோளில வைக்கிற மர அடிக்கட்டை ரெண்டாப் பிரிஞ்சு போகும். 1765ல ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில கொள்ளையடிச்ச சாமான்களில ஆறு, 2023 கடைசியில நெதர்லாந்திலயிருந்து திரும்பி வந்தது, அதில பெரிய துவக்கு ரெண்டும் இருக்கு. கொழும்பு நூதனசாலைக்குப் போற ஆக்கள் பூட்டு வேலையைக் கிட்ட நிண்டு பாருங்கோ.

இனி ரைபிள். இதைத்தான் கன பேர் குழப்பிக்கொள்ளுறவை. எங்கட இடியன் ரைபிள் இல்லை, அதின்ர குழல் உள்ள வழவழப்பு. ரைபிள் எண்டா குழலுக்குள்ள சுருளாகப் போற பள்ளக் கோடுகள் வெட்டியிருக்கும், குண்டு அதில கடிச்சுக்கொண்டு வாறதால சுழண்டு வெளிக்கிடும், சுழலுற பம்பரம் சரியாமல் நிக்கிற மாதிரி அதுவும் நேராப் போகும். வழவழப்புக் குழல் குண்டு உள்ள அங்கயும் இஞ்சயும் தட்டுப்பட்டு வருது, கடைசியா எந்தப் பக்கம் தட்டினதோ அதுக்கேத்த மாதிரித் திரும்பிப் போகும். நூறு யார் தாண்டினா ஆளைப் பார்த்துக் குறி வைக்கிறது வீண்.

அப்ப ஏன் எல்லாரும் முதலே ரைபிள் வைச்சிருக்கேல்லை? திரும்பவும் அந்த அடி அடைச்ச குழல்தான். கோட்டில கடிக்கோணும் எண்டா குண்டு இறுக்கமா இருக்கோணும். ஆனா குண்டு வாயால உள்ள போகோணும், இறுக்கமா இருந்தா போகாது. படைக்காரருக்கு அவசரம், அதால 0.75 அங்குலக் குழலுக்கு 0.69 அங்குலம் அளவில குண்டு செய்து தொப்பெண்டு விழ விட்டவை, வேகமா மருந்து போடலாம், குறி போச்சு. 1800ல வந்த பேக்கர் ரைபிளுக்கு மற்றப் பக்கம் போனவை. குண்டைச் சீலையில சுத்தி இறுக்கி இடிக்கிறது, முதல் காலத்தில ரைபிளோட ஒரு மரச்சுத்தியலும் சேர்த்துக் குடுத்தவை எண்டால் எவ்வளவு இறுக்கம் எண்டு பாருங்கோ. குறி வந்துட்டுது, வேகம் போச்சு. உள்ள போகேக்க லூசாயும் வெளிய வரேக்க இறுக்கமாயும் ஒரு குண்டு வேணும். கேக்க நடக்காத காரியம் மாதிரி இருக்கும்.

1849ல குளோட் எத்தியேன் மினியே எண்ட பிரெஞ்சு அதிகாரி செய்தது அதைத்தான். குண்டை உருண்டையா வார்க்காமல் நீட்டாக, அடியில குழி வைச்சு வார்க்கிறது. குழலை விடச் சின்னன், அதால வழுக்கிக்கொண்டு இறங்கும். மருந்து பத்தினோடன அந்த அமுக்கம் குழிக்குள்ள புகுந்து ஈயத்தின்ர பாவாடையை வெளிய விரிக்குது, விரிஞ்ச ஈயம் கோட்டில கடிக்குது. தள்ளுற நெருப்பே குண்டைப் பெருப்பிக்குது, எனக்கு இதை நினைக்க நினைக்க இண்டைக்கும் ஆச்சரியம்தான். என்பீல்ட் 1853 மாதிரியில வாய் 0.577 அங்குலம், மூண்டு கோடு, 78 அங்குலத்துக்கு ஒரு சுத்து. இந்த ரைபிளின்ர கொழுப்புப் பூசின தோட்டாதான் இந்தியாவில 1857 கிளர்ச்சிக்குத் தீ மூட்டினது. பேந்து 1866ல இதே என்பீல்டுகளின்ர அடியை வெட்டி, திறந்து மூடுற கதவு வைச்சு ஸ்னைடர் எண்டு மாத்தினவை, குழலின்ர அடி திறந்தாப்பிறகு வாயால போடுற காலம் கெதியா முடிஞ்சுது.

மருந்தைப் பற்றி. இதுகளுக்குக் கரிமருந்து மட்டும்தான். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்தது. இப்பத்தைய தோட்டாவுக்குள்ள இருக்கிற புகையில்லா மருந்து பார்க்க ஒண்டு மாதிரி இருக்கும், அது குடுக்கிற அமுக்கம் இந்தப் பழைய இரும்பு தாங்கக்கூடியது இல்லை. ஒரு கரண்டி போட்டாலும் குழல் பிளந்து கை போகும். ‘கொஞ்சமாப் போட்டா காணும்தானே’ எண்டு ஆரும் சொன்னா அந்த இடத்தை விட்டு எழும்பி வாங்கோ. என்பீல்டுக்குப் படைக்காரர் போட்ட அளவு ஏறக்குறைய 4.5 கிராம் கரிமருந்து, குண்டு 34 கிராம் பாரம். பழைய துவக்கில சுடுற ஆக்கள் அதை விடக் குறைச்சுத்தான் போடுவினம். மருந்தை எப்பவும் தனி அளவையில எடுத்துத்தான் ஊத்தோணும், கொம்பிலயிருந்தோ டப்பாவிலயிருந்தோ நேராக் குழலுக்குள்ள ஊத்தக்கூடாது, முந்தின வெடியின்ர தணல் ஒரு பொட்டு உள்ள கிடந்தா கையில இருக்கிற முழுக் கொம்பும் பத்தும்.

அடுத்தது இடைவெளி. குண்டு மருந்தில போய் முட்டோணும். நடுவில நிண்டால், குண்டு நிக்கிற இடத்தில அமுக்கம் ஏறி அந்த இடம் வயிறு வைச்சுப் போகும், சில வேளை வெடிக்கும். ஊரில ஒருத்தர் வைச்சிருந்த துவக்கைத் தடவிப் பார்த்திருக்கிறன், குழலின்ர நடுவில ஒரு வளையம் மாதிரி வீங்கியிருந்தது, கண்ணுக்குப் பெரிசாத் தெரியேல்லை, விரலுக்குத் தெரிஞ்சுது. அதாலதான் கம்பியில ஒரு கோடு கீறி வைக்கிறது, மருந்தும் குண்டும் சரியா இறங்கினா அந்தக் கோடு வாய் மட்டத்தில நிக்கும். கோடு மேல நிண்டா குண்டு இறங்கேல்லை, இல்லாட்டி ரெண்டு தரம் போட்டிருக்கு. ரெண்டு தரம் போடுறது நடக்காது எண்டு நினைக்காதேங்கோ. அமெரிக்க உள்நாட்டுப் போரில 1863 கெட்டிஸ்பேர்க் சண்டை முடிஞ்சு களத்தில பொறுக்கின 27,574 துவக்கில ஏறக்குறைய 24,000 மருந்து போட்டபடி கிடந்தது, அதில பாதியளவுக்கு ரெண்டு தரம் போட்டது, ஒண்டில 23 தரம். சத்தத்துக்கும் பயத்துக்கும் நடுவில தன்ர துவக்கு வெடிக்கேல்லை எண்டதே ஆளுக்குத் தெரியாமல் போயிருக்கு. கேப் அடிச்சும் வெடிக்கேல்லை எண்டா வாயை இலக்குப் பக்கமே பிடிச்சுக்கொண்டு ஒரு நிமிசமாவது அசையாமல் நில்லுங்கோ, பிந்தியும் பத்தும்.

திருத்துற வேலைக்கு வாறன். பழைய துவக்கு ஒண்டு கைக்கு வந்தா துருவைத் தொட முதல் பார்க்கவேண்டியது உள்ள மருந்து கிடக்கோ எண்டு. கரிமருந்து காய்ஞ்சு கிடந்தா நூறு வருசம் போனாலும் செத்துப்போகாது. கம்பியை உள்ள விட்டு, வாய் மட்டத்தில விரலால பிடிச்சு, வெளிய எடுத்துக் குழலுக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. நுனி நிப்பிள் ஓட்டைக்குக் கிட்டப் போகோணும். ரெண்டு மூண்டு அங்குலம் குறைஞ்சா உள்ள ஏதோ இருக்கு, அது மருந்து எண்டே நினைச்சு, கேப்பும் வைக்காமல், நெருப்புப் பக்கம் கொண்டுபோகாமல், துவக்கு வேலை தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ. மச்சான்ர என்பீல்டில நாலு அங்குலம் குறைஞ்சுது. வீடியோவில பார்த்தோடன எனக்கு வயித்தைக் கலக்கிட்டுது, அவன் அதைச் சோபாவில வைச்சுக்கொண்டு கதைக்கிறான். அங்க ஒரு துவக்குத் திருத்துற ஆள் தண்ணி விட்டு ஊற வைச்சு எடுத்ததில, குண்டும் இருந்தது, மருந்தும் இருந்தது.

பேந்து குழலின்ர அடியை அடைக்கிற ஆணி. பின்னால வாற முழு அமுக்கத்தையும் தாங்கிறது அது ஒண்டுதான், அதின்ர புரி அரிச்சிருந்தா துவக்கு சுவரில தொங்கிறதுக்கு மட்டும்தான் சரி. அதை வீட்டில கழட்ட வெளிக்கிடாதேங்கோ. நிப்பிள் பரவாயில்லை, அது தேயிற சாமான், ஓட்டை பெருத்தா நெருப்பு திரும்பி மேல அடிச்சுக் குதிரையைத் தூக்கும், புதுசு மாத்தலாம், ஆனா புரி அளவு சரியா இருக்கோணும். குதிரையை அரைவாசி இழுத்தா ஒரு பல்லில நிக்கோணும், விசையை அமத்தினாலும் விழக்கூடாது. விழுந்தா அந்தப் பல்லு தேய்ஞ்சிட்டுது. அரத்தால ராவிச் சரிப்படுத்தப் பார்க்கிற ஆக்கள் இருக்கினம், மேல கடினமா இருக்கிற தோல் போயிடும், பிறகு அது எப்ப விழும் எண்டு ஆருக்கும் தெரியாது.

வில்லு உடைஞ்ச கதை ஒண்டு. அம்மப்பாவின்ர துவக்குக்கு லைசன்ஸ் இருந்தது, ஆனா பூட்டுக்குள்ள இருக்கிற கவட்டை மாதிரி மடிஞ்ச வில்லு ஒரு மார்கழிக் குளிரில டிக் எண்டு உடைஞ்சிட்டுது. கம்மாலைக்குக் கொண்டுபோனம். அந்த ஐயா பழைய லொறி வில்லுத் தகட்டில ஒரு துண்டை வெட்டி, மெலிசாக்கி, மடிச்சு, செக்கச்செவேலெண்டு காய்ச்சி எண்ணெயில தோய்ச்சார். ‘இப்ப இது கண்ணாடி, நிலத்தில விழுந்தா உடையும்’ எண்டார். பிறகு வெள்ளை வெளிச்சம் வாற மட்டும் மினுக்கி, சூடான மண்ணுக்கு மேல வைச்சுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் வைக்கோல் நிறம் ஓடுது, பேந்து மண்ணிறம், பேந்து கத்தரிப்பூ நிறம், மயில் கழுத்து நீலம் வந்த அந்தக் கணத்திலயே குறட்டால தூக்கிட்டார். 300 பாகைக்குக் கிட்ட எண்டு பிறகு படிச்சுத் தெரிஞ்சுகொண்டன், அவருக்கு நிறம்தான் வெப்பமானி. அந்த வில்லு பிறகு உடையேல்லை. அடிக்கட்டை வெடிச்சதுக்குப் பூவரசில புதுக்கட்டை செதுக்கிப் போட்டதும் அவர்தான், பூவரசு உதையைத் தாங்கும் எண்டவர். இடப்பெயர்வில துவக்கும் போச்சு, கம்மாலையும் போச்சு.

மச்சானுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒண்டு, குழலை வெளிய மினுக்காதை. மண்ணிறமா இறுகின பழைய மேல்தோல் அதின்ர வயசு, அதைக் கடதாசி போட்டு உரஞ்சினா பெறுமதியும் போச்சு, ‘டவர்’ எழுத்தும் போச்சு. உதிருற சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் பூசி ஊற வைச்சு மெதுவா எடு. ஆணிகளைக் கழட்டினா எது எந்த ஓட்டையில இருந்தது எண்டு பலகையில குத்தி வை, கையால செய்த பூட்டுகளில ஒண்டு மற்றதுக்குப் போகாது.

சட்டத்தையும் சொல்லோணும். கனடாவில 1898க்கு முன்னம் செய்த இந்த வகைத் துவக்குகளுக்கு வேற கணக்கு. இஞ்ச இலங்கையில அப்பிடி இல்லை, 1916ம் ஆண்டின் 33ம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கு, இடியனுக்கும் லைசன்ஸ் வேணும், வருசாவருசம் புதுப்பிக்கோணும். வளவில பழசு ஒண்டு கிண்டி எடுத்தா திருத்தப் பார்க்காதேங்கோ, அறிவியுங்கோ. கட்டுத்துவக்கை இதோட சேர்த்துக் கதைக்கவே எனக்கு விருப்பமில்லை. அதுவும் இதே அடி அடைச்ச குழல்தான், ஆனா ஆள் இல்லாமல் பாதைக்குக் குறுக்கால நூல் கட்டி விடுறது. நூலுக்குப் பண்டியையும் தெரியாது, தேன் எடுக்கப் போற மனுசனையும் தெரியாது. கால் போன ஆக்களை நாங்கள் ஊரில பார்த்திருக்கிறம், காயம் அழுகிச் சாகிற யானையளையும் பார்த்திருக்கிறம். இந்தத் துவக்குகளால இந்தக் காடு ஏற்கனவே பட்டது காணும், வெள்ளைக்காரன் காலத்தில 1848க்கு முன்னம் மூண்டு வருசத்துக்குள்ள வட மாகாணத்தில மட்டும் 3,500க்கு மேல யானையைக் கொண்டதுக்கு அரசாங்கம் சன்மானம் குடுத்திருக்கு. சுட விருப்பமான ஆக்களுக்குக் கடதாசி இலக்கு இருக்கு, 1971லயிருந்து இதுக்கெண்டே சர்வதேசச் சங்கம் ஒண்டு இருக்கு, 50 மீற்றர், 100 மீற்றர் போட்டி நடத்துறவை, மச்சான் சேரப்போறதும் அப்பிடி ஒரு கிளப்பிலதான்.

கடைசி வேலை கழுவுறது, சுட்ட அண்டைக்கே செய்யோணும். கரிமருந்தில ஏறக்குறையப் பாதி எரிஞ்சாப்பிறகும் திண்மமா உள்ள ஒட்டிக்கொண்டு நிக்கும், அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும், எங்கட மாரியில ஒரு இரவு போதும் துரு பிடிக்க. எண்ணெய் விட்டா அது கரையாது, தண்ணிதான் கரைக்கும். துவக்கைத் தண்ணியால கழுவுறதோ எண்டு மச்சான் நம்பேல்லை. அம்மம்மா கேத்திலில சுடுதண்ணி கொண்டுவருவா, அம்மப்பா கேப் இல்லாமல் இருக்கோ எண்டு பார்த்து, நிப்பிளைக் கழட்டி, குழலைச் சரிச்சுப் பிடிச்சு வாயால ஊத்துவார். முதல் வாறது கன்னங்கரேலெண்டு, கூழ்முட்டை நாத்தத்தோட, முத்தத்து மண்ணில கறுப்பு வாய்க்கால் ஓடும். ரெண்டாவது ஊத்தலில சாம்பல் நிறம். பேந்து கம்பியில பழைய வேட்டித் துண்டைச் சுத்தி உள்ள விட்டு இழுப்பார், சூட்டிலயே குழல் காயும். துண்டு வெள்ளையா வெளிய வாற மட்டும் எத்தினை தரம் எண்டாலும் இழுத்துக்கொண்டுதான் இருப்பார், வந்தாப்பிறகு தையல் மெசின் எண்ணெய் நாலு சொட்டு, அடியில ஈரம் நிக்காமல் வாயைக் கீழ பார்த்தபடி மூலையில சாத்தி வைச்சிட்டுத்தான் சாப்பிடக் குந்துவார்.